விடைப் பருவம் காணாத கோழி

நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில் கோழியின் வயதை அதன் பெயரே சொல்லிவிடும். பொரித்து வெளிவந்தது குஞ்சு. தாய்க்கோழி கொத்தி விரட்டிய பிறகு தனியாக மேய்ந்து, உடம்பு தேறி, இன்னும் முட்டைக்கு வராமல் நிற்பது விடை. முட்டை வைத்துவிட்டால் பெட்டை. குஞ்சு ஒன்று விடைப் பருவத்தைக் கடக்க ஐந்தாறு மாதம் ஆகும். இறைச்சிக்கடைக் கூண்டில் அடைந்து கிடக்கிற வெள்ளைப் பிராய்லருக்கு இவற்றில் எந்தப் பெயர் பொருந்தும்? எடை இரண்டு கிலோவைத் தாண்டியிருக்கும். வயதோ ஐந்து அல்லது ஆறு வாரம். பல்லடம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கோழி பிடிக்கிற நாளில் போய் நின்று கேட்டால் தெரியும். ஆயிரக்கணக்கான பறவைகள் நிறைந்த அந்தக் கொட்டகையில் கூவலும் இல்லை, கொக்கரிப்பும் இல்லை. கீச்சுக் குரல் மட்டுமே. உடம்பு கோழியுடையது, குரல் குஞ்சுடையது. அந்தக் குரல்தான் அதன் உண்மையான வயதைச் சொல்கிறது.

இத்தனை வேகமாக எப்படி வளர்கிறது என்று கேட்டால் தமிழ்நாட்டில் பத்துப் பேரில் பாதிப் பேராவது ஊசியைச் சொல்வார்கள். ‘ஹார்மோன் போட்டு ஊத வைக்கிறார்கள்’ என்பது வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே நம் ஊரில் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. அது உண்மையில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதங்களைப் போலவே குடலில் செரித்துப்போகும். ஊசியாகப் போடுவதென்றால் ஒவ்வொரு கோழியையும் பிடித்துத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். அப்படிப் போட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் பிராய்லரின் எடை குறிப்பிடும்படி கூடவில்லை. (தீவனத்தில் கலக்கும் ஆன்டிபயாடிக் வேறு கவலை, மெய்யான கவலை. கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குத் தருவதை 2019இல் இந்திய அரசு தடை செய்தது அதனால்தான். அதையும் இதையும் போட்டுக் குழப்பக் கூடாது.) ஊசிக் கதை ஒருவகையில் நமக்கு ஆறுதல் தருகிறது. யாரோ வெளியிலிருந்து ஏற்றிய விஷம் என்றால் ஏற்றாமல் இருந்துவிடலாமே! உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. வேகம் கோழியின் கருவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இதைக் கண்ணுக்கு நேரே காட்டிய சோதனை ஒன்று கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் நடந்து, 2014இல் வெளியானது. அங்கே 1957ஆம் ஆண்டின் இறைச்சிக்கோழி இனம் ஒன்றையும் 1978ஆம் ஆண்டின் இனம் ஒன்றையும் மேற்கொண்டு தேர்வுக்கு உட்படுத்தாமல் அப்படியே பெருக்கிக் காப்பாற்றி வந்தார்கள். அவற்றோடு 2005இன் ராஸ் 308 இனத்தையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீவனம் கொடுத்து, ஒரே விதமாக வளர்த்தார்கள். 56ஆம் நாள் எடை போட்டபோது முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். ஊசியும் இல்லை, மாயமும் இல்லை. மாறியது பரம்பரை மட்டும். அரை நூற்றாண்டில் எடை நான்கரை மடங்கைத் தாண்டியது. ஒரு கிலோ எடைக்குச் செலவாகும் தீவனம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்த இரண்டாவது கணக்குதான் ஏழை வீட்டுக் குழம்பிலும் கோழியைக் கொண்டுவந்து சேர்த்தது. அதை மறந்துவிட்டு இந்தப் பறவையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

தொடக்கம் அமெரிக்காவில். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஏ அண்ட் பி என்ற மளிகைக்கடைத் தொடர் பணம் கொடுக்க, அரசின் வேளாண்துறை கைகொடுக்க, ‘நாளைய கோழி’ என்றொரு போட்டி 1946இல் மாநில அளவில் தொடங்கியது. அதுவரை கோழி என்றால் பெரும்பாலும் முட்டைக்குத்தான். கறி அதன் உபரி. நெஞ்சு அகன்று, தொடை திரண்டு, ஒரு குடும்பம் சாப்பிடப் போதுமான கறியோடு, விரைவாக வளரும் பறவையைத் தேடினார்கள். இறுதிச்சுற்று 1948இல் டெலவேர் மாநிலத்தின் ஜார்ஜ்டவுனில் நடந்தது. பண்ணைகள் அனுப்பிய முட்டைகளை ஒரே இடத்தில் பொரிக்க வைத்து, பன்னிரண்டு வாரம் வளர்த்து, அறுத்து, மதிப்பெண் போட்டார்கள். கலிபோர்னியாவின் வான்ட்ரஸ் குடும்பம் சிவப்புக் கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷயரையும் கலந்து உருவாக்கிய கோழி முதலிடம் பெற்றது. இரண்டாமிடம் ஆர்பர் ஏக்கர்ஸ் பண்ணையின் வெள்ளைப் பிளைமவுத் ராக். கார்னிஷ் என்ற அந்த அகன்ற நெஞ்சுக்காரியின் பழைய பெயர் இந்தியச் சண்டைக்கோழி. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நம் அசில் சேவலின் இரத்தம் கலந்து உருவான இனம் அது.

வென்றவர்களின் பெயர்கள் இன்னும் அழியவில்லை. முதலிடக்காரரின் பெயர் காப்-வான்ட்ரஸ் நிறுவனத்தில் இருக்கிறது. இரண்டாமிடத்துப் பண்ணையின் பெயர் ஏவியாஜன் நிறுவனத்தின் இன வரிசையில் ராஸோடு சேர்ந்து நிற்கிறது. உலகில் வளரும் பிராய்லர்களில் பெரும்பான்மைக்கு இந்த இரண்டு நிறுவனங்களே மூலம். நம் பண்ணையாளர்களின் வாயில் புழங்கும் ‘வென்காப்’ என்ற பெயரின் பின்பாதியும் அந்தக் காப்தான். ஆக, ஜார்ஜ்டவுனில் எதை அழகென்று தீர்மானித்தார்களோ அதன் தொடர்ச்சி உடுமலைப்பேட்டைக் கொட்டகையிலும் மேய்கிறது. அன்று மதிப்பெண் போட்டவர்கள் நெஞ்சைப் பார்த்தார்கள். அந்த நெஞ்சுக்குள் இரத்தம் எப்படிப் போகும் என்பதற்கு மதிப்பெண் இல்லை.

அந்த நெஞ்சு எதற்காக உண்டானது என்று யோசிக்க வேண்டும். காட்டுக்கோழி நெடுந்தூரம் பறக்கிற பறவை அன்று. நாள் முழுக்கத் தரையைக் கிளறி மேயும். நரியோ கீரியோ பாய்ந்தால் படபடவென்று செங்குத்தாக எழும்பிக் கிளையில் உட்காரும். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் நெஞ்சுத்தசை. அதனால் அது வேகமாகச் சுருங்கும், விரைவில் களைக்கும் இழைகளால் ஆனது. சேமித்த சர்க்கரைச் சத்தை எரித்தே வேலை செய்யும். ஆக்சிஜன் அதிகம் வேண்டாம், இரத்த நுண்குழாய்களும் குறைவு. நெஞ்சுக்கறி வெளுத்தும், நடந்து நடந்து உழைத்த தொடைக்கறி சிவந்தும் இருப்பதற்குக் காரணம் இதுவே. (வளர்ப்புக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் பிராய்லரின் மஞ்சள் தோலுக்கான மரபணு நம் தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற அந்தப் பறவைக்கும் இந்தக் கூண்டுக்கும் அப்படியொரு உறவு.)

இயல்பிலேயே இரத்தவோட்டம் குறைந்த தசை ஒன்றைத்தான் மனிதர் பெருக்கத் தேர்ந்தெடுத்தார்கள். அல்பர்ட்டா ஆய்வில், உடல் எடையில் அதன் பங்கை வைத்து ஒப்பிட்டாலும், பெரிய நெஞ்சுத்தசை 1957க்கும் 2005க்கும் இடையில் சேவலில் 79 விழுக்காடும் பெட்டையில் 85 விழுக்காடும் கூடியிருந்தது. கோழி பெரிதானது ஒரு பக்கம். அந்தப் பெரிய உடம்புக்குள் நெஞ்சு மட்டும் மேலும் பெரிதானது இன்னொரு பக்கம்.

தசை எப்படிப் பெருக்கிறது என்பதில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவரும்போதே அதன் தசையிழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய முடிவாகிவிடும். அதற்குப் பிறகு புதிய இழைகள் சேர்வதில்லை. இருக்கிற ஒவ்வோர் இழையும் நீண்டு தடிக்கிறது. தடிக்கிற இழைக்கு அதிகப்படியான உட்கருக்கள் தேவை. இழையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் துணைச் செல்கள் பெருகி, இழையோடு கலந்து, அந்த உட்கருக்களைத் தருகின்றன. இந்தச் செல்கள் மும்முரமாக வேலை செய்வது முதல் ஒரு வாரத்தில். நாற்பது கிராம் அளவில் வரும் ஒருநாள் குஞ்சு நான்கு மடங்குக்கு மேல் கனக்கிற வாரமும் அதுதான். பின்னால் தசை காயப்பட்டால் பழுது பார்க்க வேண்டியதும் இதே துணைச் செல்கள். வளர்த்துவிடும் கொத்தனும் ஒழுகினால் பூச வேண்டிய கொத்தனும் ஒரே ஆள் என்றால், வீடு நிற்காமல் உயர்ந்துகொண்டே போகும்போது ஒழுகலைப் பார்க்க யார் வருவார்?

இழைகளுக்கு இடையே மெல்லிய இணைப்புத்திசு உண்டு. இரத்த நுண்குழாய்கள் ஓடும் சந்துகள் அவை. இழைகள் தடிக்கத் தடிக்கச் சந்துகள் நெருங்குகின்றன. குழாயிலிருந்து இழையின் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் கடக்க வேண்டிய தொலைவு கூடுகிறது. வேலையின்போது சேரும் கழிவும் விரைவாக வெளியேறுவதில்லை. மூச்சுமுட்டிய இழை சிதைகிறது. சிதைந்ததை அகற்றப் பாதுகாப்புச் செல்கள் வருகின்றன. புதுப்பிக்கத் துணைச் செல்கள் போதாத இடத்தில் கொழுப்பும் நாருமாக வெற்றிடம் நிரம்புகிறது. கிருமி இல்லை, தொற்று இல்லை. பக்கத்துக் கோழிக்கு ஒட்டாத நோய் இது.

இதன் முகங்கள் சில. நெஞ்சுக்கறியில் இழைகளின் போக்கிலேயே வெள்ளைக் கோடுகள் ஓடுவது ஒன்று. வெள்ளை வரி என்று சொல்லலாம். நெஞ்சு முழுவதும் வெளுத்து, புடைத்து, கட்டைபோல விறைத்துவிடுவது இன்னொன்று. ‘மரநெஞ்சு’ என்ற பொருளில் உலகெங்கும் வழங்கும் பெயர் அதற்கு. ஹெல்சின்கி பல்கலைக்கழக நோய்க்குறியியலாளர்கள் இதை 2014இல் முறையாக விவரித்தார்கள். மூன்றாவது, அதற்கு நேரெதிர். இணைப்புத்திசு வலுவிழந்து, விரலால் நிமிண்டினாலே கறி நூல்நூலாகப் பிரிந்துவிடும். வெளிநாட்டில் ஸ்பகெட்டி இறைச்சி என்கிறார்கள். நம் கண்ணுக்கு அது இடியாப்பம். மரநெஞ்சு சேவல்களிலும் கனத்த பறவைகளிலும் அதிகம், இடியாப்பக் கறி பெட்டைகளில் அதிகம். இவற்றுக்கெல்லாம் முன்பே தெரியவந்தது பச்சைத் தசை நோய். முதலில் வான்கோழியில், 1960களில் கண்டது. இறக்கையை உயர்த்தும் சிறிய நெஞ்சுத்தசை எலும்புக்கும் இறுகிய உறைக்கும் நடுவே அடைபட்டிருக்கிறது. பறவை மிரண்டு படபடத்தால் தசை வீங்கும். உறை விரியாது. உள்ளே அழுத்தம் ஏறி, இரத்தம் நின்று, தசை செத்துப் பச்சையாகிவிடும். பறக்கும் பறவைக்குச் சிறகடிப்பு உடற்பயிற்சி. இந்தப் பறவைக்கு அதுவே காயம்.

ஜார்ஜ்டவுன் இருக்கும் அதே டெலவேரின் பல்கலைக்கழகத்தில் மரநெஞ்சின் தொடக்கத்தைத் தேடிப் போன ஆய்வுக்குழு, கைக்குக் கட்டித்தன்மை தட்டுப்படுவதற்கு வெகு முன்னதாகவே, குஞ்சுப் பருவத்தின் ஆரம்ப வாரங்களிலேயே, தசைக்குள் சிறிய சிரைகளைச் சுற்றி அழற்சியும் கொழுப்புத் திரட்சியும் இருப்பதைக் கண்டது. தசை கொழுப்பையும் சர்க்கரையையும் கையாளும் விதமே பிசகுகிறது, மனிதரின் நீரிழிவில் நடப்பதை இது ஒத்திருக்கிறது என்பது அவர்கள் முன்வைக்கும் கருத்து. இழை தடித்து மூச்சுமுட்டுவது முதலா, இந்தப் பிசகு முதலா என்ற விவாதம் முடியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டுகின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கறியைச் சாப்பிட்டால் ஆபத்தில்லை. ஆனால் புரதம் குறைந்து கொழுப்பும் நாரும் கூடியிருக்கும். மசாலா ஊறாது, வேகும்போது நீர்விடும், மென்றால் சக்கை. மேலைநாட்டு ஆலைகளில் கையால் அழுத்திப் பார்த்து இத்தகைய நெஞ்சுகளை ஒதுக்கி, அரைத்து நக்கட்டுக்கு அனுப்புகிறார்கள். இந்த ஆராய்ச்சிக்குப் பணம் வந்ததே தரம் கெட்டு நட்டம் ஏற்பட்ட பிறகுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பறவையின் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் குறைவு. கடுமையான மரநெஞ்சுள்ள கோழி இறக்கையைச் சரியாக உயர்த்துவதில்லை. தவறி மல்லாந்து விழுந்தால் சில கோழிகளால் புரண்டு எழ முடிவதில்லை. கிடந்தபடியே மூச்சடைத்துச் சாகின்றன.

நெஞ்சைத் தாங்க வேண்டிய மற்ற உறுப்புகளின் கதையும் இதுவே. பறவையின் நுரையீரல் நம்முடையதைப்போல விரிந்து சுருங்காது. விலாவோடு ஒட்டி விறைப்பாக இருக்கும். வளரும் தசை ஆக்சிஜன் கேட்க, இதயம் அதிக இரத்தத்தைத் தள்ள, நுரையீரலின் நுண்குழாய்கள் விரிய வழியின்றி அழுத்தம் ஏறுகிறது. இதயத்தின் வலப்பக்கம் தடித்து, பிறகு தளர்ந்து, கல்லீரலிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் கோத்துக்கொள்கிறது. குளிரிலும் காற்று மெலிந்த மலைநாடுகளிலும் இது கூடுதல். எலும்பும் பின்தங்குகிறது. கனம் முன்னால் சாய, குருத்தெலும்பு முற்றாத கால்கள் அதைச் சுமக்கின்றன. பிரிட்டனில் 176 தொகுதிகளைச் சேர்ந்த 51,000 பறவைகளின் நடையைப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 40 நாள் வயதில் 27.6 விழுக்காடு மோசமாக நடந்தன. 3.3 விழுக்காடு கிட்டத்தட்ட நடக்கவே முடியாதவை. அதற்கு முன் 2000இல் வந்த இன்னோர் ஆய்வு என்னை அதிகம் பாதித்தது. நொண்டும் கோழிகளுக்கும் நன்றாக நடப்பவற்றுக்கும் இரண்டு வகைத் தீவனம் வைத்தார்கள். ஒன்றில் வலி நீக்கும் மருந்து கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் மருந்துத் தீவனத்தைத் தேடி உண்டன. நொண்டல் கூடக் கூட மருந்துத் தீவனத்தின் பங்கும் கூடியது. வலிக்கிறது என்று ஒரு கோழி இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்?

நம் ஊரில் மரநெஞ்சு என்ற பேச்சே அதிகம் எழுவதில்லை. பறவையை இரண்டு கிலோ அளவிலேயே உயிரோடு விற்று, கடையில் எலும்போடு வெட்டிக் குழம்புக்குப் போடுகிறோம். மூன்று, நான்கு கிலோவுக்கு வளர்த்து நெஞ்சை முழுத்துண்டாக உரித்துப் பார்க்கும் வழக்கம் இங்கே சிறுபான்மை. பார்க்காத இடத்தில் நோய்க்குப் பெயரும் இல்லை. ‘பிராய்லர் நெஞ்சுக்கறி சக்கையாக இருக்கிறது’ என்று நம் வீடுகளில் சொல்வதன் பின்னால் இது எவ்வளவு, சமையல் எவ்வளவு என்று பிரித்தறிய யாரும் முயன்றதாகத் தெரியவில்லை. போன்லெஸ் கறிக்கு மவுசு கூடிவரும் நகரங்களில் இந்தக் கேள்வி விரைவில் எழும். பண்ணையாளருக்கு வேறு கவலை. ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் அவருடையவை. கோழி தின்ற தீவனத்துக்கும் ஏறிய எடைக்குமான கணக்கையும் செத்த எண்ணிக்கையையும் பார்த்துத்தான் வளர்ப்புக்கூலி. எந்த இனம் வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர் இல்லை. சித்திரை வெயிலில் நெஞ்சு கனத்து மூச்சிரைக்கும் கோழிகளுக்கு நடுவே கொட்டகைக் கூரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஓடுவது மட்டும் அவர் வேலை.

திருத்த முடியாதா? ஓரளவு முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 1990களில் இனப்பெருக்க நிறுவனங்கள் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் கருவி கொண்டு பார்த்து, குறைந்தவற்றைக் கழித்து, வயிற்றில் நீர்கோக்கும் நோயைத் தணித்தன. கால் எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் கழிப்பதும் அப்படி வந்ததே. தசை நோயில் கருத்து ஒன்றுபடவில்லை. மரநெஞ்சில் பரம்பரையின் பங்கு மிகக் குறைவு என்று 2015இல் ஏவியாஜன் ஆய்வாளர்களின் கணக்கு சொன்னது. வேறு கோழிகளில் பிறகு செய்த கணக்குகளில் அந்தப் பங்கு நிறையவே தெரிந்தது. தொடக்கத்தில் தீவனத்தைக் குறைத்தாலோ, அமினோ அமிலங்களை மாற்றியமைத்தாலோ நோய் குறைகிறது. கூடவே வளர்ச்சியும் குறைகிறது. சுற்றிச் சுற்றி வேகத்திடமே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

வேகத்தைக் குறைத்தே பார்த்த நாடு நெதர்லாந்து. அங்கே சூப்பர்மார்க்கெட்டுகளும் கோழித்துறையும் 2013இல் செய்துகொண்ட உடன்பாட்டுக்கு வைத்த பெயரும் ‘நாளைய கோழி’தான். அறுபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு அதே பெயரில் எதிர்த்திசைப் பயணம். போட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்று அந்நாட்டுச் சந்தை ஆணையம் 2015இல் அதை மறுத்தது. ஆனாலும் கடைகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே மாறின. இன்று அந்தக் கடைகளின் பச்சைக் கோழிக்கறிக்கு ஆகக் குறைந்த தகுதியாக இருக்கும் ஒற்றை நட்சத்திர விலங்குநல முத்திரைக்குக் கோழி 56 நாளாவது வாழ்ந்திருக்க வேண்டும். விலை கூடியது, தீவனமும் கூடுதலாகச் செலவாகிறது. நம்மைப்போன்ற நாட்டில் அந்தக் கூடுதல் யார் தலையில் விழும் என்ற கேள்விக்கு என்னிடம் எளிய பதில் இல்லை. ஆனால் இப்போதைய விலையில் ஒரு பகுதியைக் கோழி தன் காலாலும் நெஞ்சாலும் கட்டிக்கொண்டிருக்கிறது என்பது கணக்கில் வரவேண்டும்.

இந்த இனத்திலும் விடைப் பருவத்தைத் தாண்டிப் பெட்டையாகும் கோழிகள் உண்டு. பிராய்லர் குஞ்சுகளின் தாய்க்கோழிகள் அவை. முட்டைக்கு வர ஆறு மாதம் போல உயிரோடு இருந்தாக வேண்டும். உடம்பில் ஓடுவது அதே இரத்தம், வயிற்றில் அதே பசி. வேண்டிய மட்டும் தின்ன விட்டால் கனத்து, கால் முடங்கி, இதயம் நின்று, முட்டைக்கு வருவதற்குள் பல செத்துப்போகும். எனவே வளரும் மாதங்களில், தானாகத் தின்னக்கூடியதில் பாதிக்கும் குறைவாகவே, சில கட்டங்களில் கால்பங்கு அளவே, அளந்து வைக்கிறார்கள். சில பண்ணைகளில் ஒருநாள் விட்டு ஒருநாள். வைத்த தீவனம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பிறகு வெகுநேரம் அவை காலித் தொட்டியையும் தண்ணீர்க் குழாயையும் கொத்திக்கொண்டிருக்கும். வயிறு நிரம்பத் தண்ணீர் குடித்துத் தரையை ஈரமாக்கிவிடுவதால் பல இடங்களில் தண்ணீருக்கும் நேரம் வைத்திருக்கிறார்கள்.